ஜப்பானில் படிக்கப் போகிறவர் எந்த மாணவர் குழுவில் சேரலாம்?

கேள்வி: வரும் அக்டோபரில் ஜப்பானில் முதுநிலைப் படிப்பில் சேரப் போகிறேன். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். ஜப்பானிய மொழி என்5 அளவுக்குத்தான், அதாவது மொழித் தேர்வின் தொடக்க நிலை அளவுக்குத்தான் தெரியும். சுத்த சைவம். வளாகத்தில் நடக்கும் கலாசார நிகழ்ச்சிகள், மாணவர் குழுக்கள் வழியாக அந்த நாட்டுப் பண்பாட்டை உண்மையாகவே தெரிந்துகொள்ள முடியுமா? எதில் சேரலாம்?

பதில்:

முடியும். ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதில் குறைந்தது ஒரு வருடமாவது நிலைத்து இருந்தால் முடியும். வடகிழக்கு ஜப்பானில் உள்ள செண்டாய் நகரத்தில் முதுநிலையும் முனைவர் பட்டமுமாக ஆறு வருடம் படித்தேன். அதில் நாலரை வருடம் தேநீர்க் குழுவில், அதாவது ஜப்பானிய மரபுப்படி தேநீர் தயாரித்து உபசரிக்கும் கலையைப் பழகும் குழுவில் இருந்தேன். நான் சொல்வதெல்லாம் அங்கிருந்து கிடைத்தது.

போய் இறங்கிய முதல் மாதத்திலேயே உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். யுகாதா உடுத்திப் பார்க்க ஒரு நாள், தூரிகையால் எழுத்து எழுத ஒரு நாள், தேநீர் அருந்த ஒரு நாள். ஜப்பான் அரசு 2008-இல் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை 3 லட்சமாக உயர்த்தும் திட்டத்தை அறிவித்தது. 2019 மே மாதக் கணக்கில் அது 3,12,214 ஆனது. கொரோனாவில் சரிந்து, 2024 மே மாதம் 3,36,708-ஐத் தொட்டது. இத்தனை பேர் வந்து சேரும் வளாகங்களில் இந்த வகை அனுபவ வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றுக்கும் போங்கள். நல்ல மனதோடு நடத்துகிறார்கள், பெரும்பாலும் இலவசம், அங்கே பழக்கமாகிறவர்கள் பிறகு உதவுவார்கள்.

ஆனால் அவை எல்லாவற்றிலும் நீங்கள் விருந்தாளி. தேநீர் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாக உட்கார்ந்தால் முதலில் இனிப்பு வரும். பக்கத்தில் இருப்பவரிடம் ‘ஒசாகி நி’, அதாவது ‘உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். கிண்ணம் வரும். அதன் அழகான முகப்பில் வாய் வைக்கக் கூடாது என்பதால் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை திருப்பிவிட்டுக் குடிக்க வேண்டும். கடைசி மடக்கைச் சத்தம் வர உறிஞ்சலாம், முடிந்தது என்று உபசரிப்பவருக்குத் தெரியும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். புகைப்படம் அழகாக வரும்.

அந்த அறைக்குப் பின்னால் ‘மிஸுயா’ என்று ஒரு சிறு அறை இருக்கிறது. கிண்ணம் கழுவுவதும், தேயிலைப் பொடியைச் சலிப்பதும், துணி மடிப்பதும், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கதவிடுக்கில் பார்த்து அடுத்த கிண்ணத்தைச் சூடேற்றி வைப்பதும் அங்கேதான். நான் ஜப்பானைத் தெரிந்துகொண்டது அந்த அறையில். உங்களுக்கும் அதையே சொல்வேன்: எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அதன் மிஸுயா எங்கே என்று பார்த்து, அதற்குள் போய்விடுங்கள்.

சேர்ந்த முதல் இரண்டு மாதம் எனக்குத் தேநீர் கலக்கக் கொடுக்கவில்லை. நடக்கச் சொன்னார்கள். தாதாமி பாயின் ஓரக்கரையை மிதிக்காமல், எந்தக் காலை முதலில் வைத்து உள்ளே வருவது, எந்தக் காலால் வெளியே போவது என்று. பிறகு பாயைத் துடைக்கச் சொன்னார்கள், நெசவு ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். பிறகு ‘ஃபுகுசா’ என்ற பட்டுத்துணியை மடிப்பது, ‘சாகின்’ என்ற வெள்ளை லினன் துணியை நனைத்துப் பிழிந்து மடிப்பது. ஏன் இப்படி என்று கேட்டபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், ‘முதலில் கை தெரிந்துகொள்ளட்டும்’ என்றார். எனக்கு அப்போது என் அக்கா பரதநாட்டியம் கற்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு வருடம் முழுக்கத் தட்டடவும் நாட்டடவும்தான். பாட்டுக்கு ஆட வைக்கும்போதுதான் அந்த அடவெல்லாம் எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது. சரளி வரிசையும் அப்படித்தானே. ஜப்பானியர் ‘கதா’ என்று சொல்வது இதைத்தான். உடம்பு முதலில் படியட்டும், பொருள் பின்னால் வரும். நம் ஊரில் பாட்டோ நடனமோ மிருதங்கமோ கற்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

உட்காருவதில் மட்டும் ஏமாந்துபோகாதீர்கள். தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே சம்மணம் உதவாது. ‘சேய்ஸா’ என்பது ஏறக்குறைய வஜ்ராசனம். பதினைந்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். மரத்துப்போனால் வேகமாக எழுந்திருக்காதீர்கள், நான் அப்படி எழுந்து தடுமாறி ஒரு நீர்க்குடுவையைக் கவிழ்த்திருக்கிறேன். யாரும் திட்டவில்லை. நான்கு பேர் துணியோடு வந்து துடைத்தார்கள், பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அடுத்த வாரம் முதல் என் பக்கத்தில் இருந்த பொருள்கள் மட்டும் ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

அக்டோபரில் போகிறீர்கள் என்பதால் இன்னொரு விஷயம். தேநீர் அறையில் மே முதல் அக்டோபர் வரை தரைக்கு மேலே வைக்கும் அடுப்பு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தரையில் வெட்டிய குழி அடுப்பு. அடுப்பு மாறினால் உட்காரும் கோணம் மாறும், பொருள்களை வைக்கும் இடம் மாறும், கை அசைவுகளும் மாறும். நவம்பரைத் தேநீர்க்காரர்கள் தங்கள் புத்தாண்டு என்பார்கள். அந்த மாதம் பழையவர்களும் கொஞ்சம் தடுமாறுவார்கள். புதிதாகச் சேருகிறவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. உரசென்கே, ஒமோதேசென்கே என்று மரபுகள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் வழித்தோன்றல்கள் அவை. முன்னதில் தேநீர் நுரைக்க நுரைக்க இருக்கும், பின்னதில் நுரை குறைவு. எது உங்கள் வளாகத்தில் இருக்கிறதோ அதில் சேருங்கள், தேடி அலைய வேண்டாம்.

இனி, குழுக்களில் சேரும் வழி. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த மாதம் வளாகம் முழுக்க ‘ஷின்கான்’ என்ற புதியவர் வரவேற்புத் திருவிழா நடக்கும். குழு குழுவாகத் துண்டுப் பிரசுரத்தோடு நிற்பார்கள். அக்டோபரில் போகிறவர்களுக்கு இது தவறிவிடும். பலர் இதனாலேயே எந்தக் குழுவிலும் சேராமல் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் நண்பர் வட்டங்கள் உறுதியாகிவிடும். நீங்கள் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். நடுவில் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் நிறைய உண்டு, ஆனால் நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

குழுக்களில் இரண்டு வகை. ‘புகாத்சு’ என்பது கண்டிப்பானது. வாரத்தில் நாலைந்து நாள் பயிற்சி, போட்டிகள், மூத்தவர் இளையவர் வரிசை. ‘சாகுரு’ என்பது தளர்வானது. ஆய்வகத்தில் சேரும் முதுநிலை மாணவருக்குப் புகாத்சு பெரும்பாலும் ஒத்துவராது, நேரம் போதாது. தவிர, பல குழுக்கள் இளநிலை மாணவர்களுக்காகவே இயங்குகின்றன. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் போன ஒரு குழுவில், ‘இரண்டே வருடத்தில் போய்விடுகிறவரை எப்படிப் பயிற்றுவிப்பது’ என்று மென்மையாகத் தவிர்த்தார்கள். வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு மூன்றாண்டுப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறோம் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி மறுத்தால் மனம் தளராமல் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

சேர்ந்த பிறகு வயது ஒரு சிக்கல். உங்களுக்கு 23 இருக்கும், உங்கள் ‘செம்பாய்’ ஆகிய மூத்தவருக்கு 19 இருக்கும். முன்னால் சேர்ந்தவர் மூத்தவர், அவ்வளவுதான். அவரும் உங்களிடம் எந்த மரியாதை வடிவில் பேசுவது என்று தயங்குவார். பெயரோடு ‘சான்’ சேர்த்துச் சொல்லி, ‘தேஸ்’, ‘மாஸ்’ என்று முடியும் மரியாதைப் பேச்சையே பேசுங்கள். சில வாரத்தில் அந்தத் தயக்கம் தானாகக் கரையும்.

வெளிநாட்டு மாணவர்களும் உள்ளூர் மாணவர்களும் சேர்ந்து பழகுவதற்கென்றே நடக்கும் பரிமாற்றக் குழுக்களும் இருக்கும். முதல் மாதத்துக்கு அவை பெரிய துணை. சைக்கிள் வாங்குவது முதல் நகர அலுவலகத்தில் முகவரி பதிவு வரை உதவுவார்கள். ஆனால் அங்கே ஆங்கிலம் பேசப் பழக வருகிற ஜப்பானியர் அதிகம். இரண்டு வருடம் அங்கேயே இருந்தால் உங்கள் ஜப்பானிய மொழி என்5-லேயே நின்றுவிடும். ஆங்கிலவழிப் படிப்பில் வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம், ஏனென்றால் வகுப்பிலும் மொழி தேவைப்படாது. தேநீர்க் குழுவில் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் ஒவ்வொரு வாரமும் ஒன்றேதான். அதே பொருள், அதே அசைவு, அதே சொல். மொழி அப்படித்தான் ஒட்டியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யோகா, பந்து விளையாட்டு, தன்னார்வத் தொண்டு என்ற பெயரில் மதக் கும்பல்கள் சில தனியாக இருக்கும் புது மாணவர்களை அணுகுவதுண்டு. பல்கலைக்கழகங்களே வருடாவருடம் அறிவிப்பு வெளியிடுகின்றன. வளாகத்தில் பதிவு பெற்ற குழுவா என்று மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தேநீர் பிடிக்கவில்லை என்றால்? ‘க்யூதோ’ என்ற வில்வித்தை இருக்கிறது. வில் ஆளைவிட உயரம், 2 மீட்டருக்கு மேல். 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் இலக்கு. புதியவர்கள் முதலில் ரப்பர் கயிறு கட்டிய பயிற்சி வில்லை இழுத்துப் பழகி, பிறகு மிகக் கிட்டத்தில் வைக்கோல் கட்டு மீது எய்து, மாதக்கணக்கான பிறகே இலக்கின் முன் நிற்கிறார்கள். கெண்டோ வாள்பயிற்சியில், புள்ளி கிடைத்ததும் கையை உயர்த்திக் கொண்டாடினால் அந்தப் புள்ளியையே ரத்து செய்துவிடுவார்கள். தோற்றவர் முன்னால் நிற்கிறார் என்பதற்காக. உடம்பு குலுங்க ஆட வேண்டும் என்றால் யோசாகோய். 1954-இல் கோச்சி நகரத்தில் பிறந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஹொக்கைதோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1992-இல் சப்போரோவில் தொடங்கிய விழாதான் அதை நாடெங்கும் கொண்டுபோனது. மாணவர்கள் வளர்த்த கலை என்பதால் புதியவர்களை அள்ளிக்கொள்வார்கள். மொழி குறைவாகத் தெரிந்தாலும் ஆடிவிடலாம். தொகுஷிமா பக்கம் போனால் ஆகஸ்டில் ஆவா ஓதோரி. அங்கே மாணவர்களே ஆட்டக் குழு கட்டித் தெருவில் இறங்குகிறார்கள்.

கிமோனோ சம்பந்தப்பட்டதுதான் பண்பாடு என்றும் இல்லை. பேட்மின்டன் குழுவில் சேர்ந்த என் நண்பனும் நான் கற்றதையே கற்றான்: ஆட்டத்துக்கு முன் எல்லோரும் தரையைத் துடைப்பது, கடைசியில் வலையை மடித்து அதே இடத்தில் வைப்பது, பிரியும்போது ‘ஒத்சுகாரேசாமா’ சொல்வது. களைத்துப் போகும் அளவுக்கு உழைத்தாய், பார்த்தேன் என்பது போல ஒரு சொல். தமிழில் ஒற்றைச் சொல்லாக எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழக விழாவைத் தவறவிடாதீர்கள். பல வளாகங்களில் நவம்பர் 3, பண்பாட்டு நாளை ஒட்டி நடக்கும். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் மே மாதம் ஒன்று, நவம்பரில் ஒன்று என இரண்டு. வெளியிலிருந்து பார்த்தால் யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸ் கடைகளும் பாட்டும்தான். உள்ளே இருந்து பார்த்தால் கோடையிலேயே தொடங்கும் வேலை. எங்கள் குழு அந்த நாட்களில் ஒரு வகுப்பறையைத் தேநீர் அறையாக்கிச் சில நூறு யென்னுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கும். யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்று ஐந்து நிமிடக் கணக்கில் அட்டவணை வரும். முதல் வருடக் கூட்டத்தில் நான் எழுந்து, ‘இந்த முறை இந்திய இனிப்பு ஒன்றும் வைக்கலாமே’ என்றேன். அமைதி. யாரும் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அடுத்த அம்சத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு செம்பாய் என்னோடு நடந்துகொண்டே சொன்னார்: யோசனை நல்லது, ஆனால் கூட்டத்துக்கு முன்னால் குழுத் தலைவரிடமும் இனிப்புப் பொறுப்பாளரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியாகப் பேசியிருக்க வேண்டும். ‘நேமாவாஷி’ என்பார்கள், மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றித் தோண்டிப் பதமாக்குவது. கூட்டம் என்பது முடிவெடுக்கும் இடமல்ல, எடுத்த முடிவை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் இடம். அடுத்த வருடம் செப்டம்பரிலேயே மூன்று பேரிடமும் பேசினேன். கொண்டைக்கடலை மாவில் நெய் சேர்த்துப் பிடித்த சின்ன லட்டு நவம்பரில் தட்டில் இருந்தது.

விழா முடிந்த மறுநாள் ‘ஹன்சேய்-காய்’ நடக்கும். நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். நன்றாக நடந்த விழாவுக்கும் அது உண்டு. வரிசை நீண்டபோது தண்ணீர் சூடாகவில்லை, காலணி வைக்கும் இடம் போதவில்லை என்று ஒவ்வொருவரும் தன் பங்கில் நேர்ந்த குறையைச் சொல்வார்கள். அடுத்தவர் குறையைச் சொல்வதில்லை. அதை எழுதி அடுத்த வருடக்காரர்களுக்கு வைத்துவிடுவார்கள். ஆய்வகத்தில் நான் கற்ற எதையும்விட இது இன்றைக்கு என் வேலைக்கு உதவுகிறது.

சைவம் என்று சொல்லியிருக்கிறீர்கள். தேநீர்க் குழுவின் நல்ல பக்கம், அங்கே தரும் ‘வாகாஷி’ இனிப்புகளில் பெரும்பாலானவை பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடற்பாசிக் கூழ் இவற்றால் ஆனவை. மற்ற இடங்களில் கவனம் வேண்டும். ‘பெஜிதாரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். சிக்கல் ‘தாஷி’ என்ற வடிசாறில் இருக்கிறது. பெரும்பாலும் உலர்ந்த கத்சுவோ மீனில் செய்தது, சூப்பிலும் குழம்பிலும் கீரையிலும்கூட இருக்கும். இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் சாப்பிட மாட்டேன் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கோன்பு என்ற கடற்பாசித் தாஷி சைவம்.

செண்டாயில் இலையுதிர் காலத்தில் ‘இமோனி-காய்’ நடக்கும். ஆய்வகமோ குழுவோ ஹிரோசே ஆற்றங்கரையில் விறகு மூட்டி, பெரிய பானையில் குழம்பு வைத்து நின்றுகொண்டே சாப்பிடும். பருவம் வந்தால் பல்பொருள் கடைகளே விறகு விற்று, பானை இரவல் தருகின்றன. அதில் பிரதானம் என்ன தெரியுமா? சேப்பங்கிழங்கு. நம் சேப்பங்கிழங்கேதான். செண்டாயில் பன்றி இறைச்சியும் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதும் போடுவார்கள், பக்கத்து யாமகாதாவில் மாட்டிறைச்சியும் சோயா சாஸும். எது சரி என்று இரண்டு ஊர்க்காரர்களும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். முதல் வருடம் நான் ரொட்டித் துண்டோடு நின்றேன். இரண்டாம் வருடம் ஒரு வாரம் முன்பே பொறுப்பாளரிடம் பேசி, சிறு பானை ஒன்று, கோன்பு, கிழங்கு, முள்ளங்கி, வெங்காயத்தாள், மிசோ என்று நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். எடுத்துச் சாப்பிட்டவர்களில் சைவர் நான் ஒருவன்தான், ஆனாலும் என் பானைதான் முதலில் காலியானது. அக்டோபரில் வடகிழக்குப் பகுதிக்குப் போகிறீர்கள் என்றால் போய் இறங்கிய சில வாரத்தில் இதற்கு அழைப்பு வரும். சாப்பாடு ஒத்துவராதே என்று மறுத்துவிடாதீர்கள், கிழங்கு தோல் சீவப் போங்கள்.

குடிப்பது பற்றியும் பயப்பட வேண்டாம். அங்கே 20 வயதுக்குக் கீழே மது சட்டப்படி தடை. 2022-இல் வயதுவந்தோர் வரம்பு 18 ஆகக் குறைந்த பிறகும் இது மாறவில்லை. எனவே எந்த விருந்திலும் குடிக்காதவர்கள் இருப்பார்கள். ஊலாங் தேநீரோடு ‘கன்பாய்’ சொல்லலாம். ‘நொமேமாசென்’, அதாவது ‘என்னால் குடிக்க முடியாது’ என்று ஒரு முறை சொன்னால் போதும். வற்புறுத்தும் குழுவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

செண்டாயைச் சொன்னதும் லூ சுன் நினைவுக்கு வருகிறார். பின்னாளில் சீனத்தின் பெரும் எழுத்தாளரான அவர் 1904 முதல் 1906 வரை அங்கே மருத்துவம் படித்தார். உடற்கூறு ஆசிரியர் ஃபுஜினோ, தட்டுத்தடுமாறி எழுதிய அவருடைய பாடக்குறிப்பேடுகளை வாங்கி, சிவப்பு மையில் இலக்கணப் பிழை வரை திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த மாணவர் படிப்பை முடிக்காமல் போய்விட்டார், ஆனாலும் ஆசிரியரின் படத்தைத் தன் எழுத்து மேசை எதிரே சுவரில் மாட்டி வைத்திருந்தார். அவர் உட்கார்ந்த வகுப்பறை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. போனால் பாருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். பலரும் அதை முழுசாக நிரப்பிவிடுகிறார்கள். பணத்தேவை இருந்தால் வேறு வழியில்லை. ஆனால் கொஞ்சம் இடம் இருந்தால் வாரத்தில் ஒரு மாலையை வேலைக்குக் கொடுக்காமல் குழுவுக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த ஒரு மாலைக்குத் தவறாமல், ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே செய்தி அனுப்புங்கள். அவர்கள் உங்களை நம்பத் தொடங்குவது அதில்தான்.

பல பல்கலைக்கழகங்களில் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் சில மாதம் ஒரு ஜப்பானிய மாணவரை ‘ட்யூட்டர்’ என்று துணைக்கு அமர்த்துவார்கள். உங்களுக்கும் கிடைத்தால், குழுவைப் பார்க்கக் கூட வரச் சொல்லுங்கள். சேருவதற்கு முன் போய்ப் பார்ப்பதற்கு ‘கெங்காகு’ என்று பெயர். ‘கெங்காகு சசேதே இத்தாதகேமாஸ் கா’ என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தேநீர்க் குழுவுக்குத்தான் போவதென்றால் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். ஊரிலிருந்து கிளம்பும்போதே இரண்டு ஜோடி வெள்ளைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் போட்டு வந்ததை வாசலில் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டுதான் பாயில் கால் வைக்க வேண்டும்.